வீட்டு மாடில தாய்லாந்து சாத்தே போடப் போறேன், கடலை சாஸ் சட்னி மாதிரி ஆகாம இருக்க என்ன பண்ணணும்?

மொட்டைமாடி_மதுரை:

வணக்கம் மக்களே. அடுத்த ஞாயித்துக்கிழமை வீட்டு மாடில இருபது பேருக்கு தாய்லாந்து ஸ்டைல் சாத்தே போடலாம்னு இருக்கேன், குச்சில சொருகி கரில சுட்டு நிலக்கடலை சாஸோட தருவாங்களே, அதான். பாங்காக் போனப்ப ரோட்டோரமா நின்னு சாப்ட்டேன், அங்க எங்க பாத்தாலும் பன்னிக்கறிதான், எங்க வீட்ல கோழி மட்டும்தான் ஓடும். யூடியூப்ல பாத்தா ஒருத்தர் பீனட் பட்டர்ல சோயா சாஸ ஊத்திக் கலக்கி இதான் சாத்தே சாஸ்ங்குறார், இன்னொருத்தர் ரெட் கறி பேஸ்ட்ங்குற தாய்லாந்து மிளகா விழுது இல்லாம செய்யவே முடியாதுங்குறார், மூணாவது ஆளு வறுத்த கடலைய மிளகா பூண்டோட அரைச்சு வெக்கிறார், அது நம்ம இட்லிக்குத் தொட்டுக்குற கடலைச் சட்னி தவிர வேற எதுவும் இல்ல.

அதனால தெரிஞ்சவங்க சொல்லுங்க. சாஸுக்கு எது சரியான வழி? கலங்கல்னு இஞ்சி மாதிரி ஒரு கிழங்கு சொல்றாங்களே, அது மதுரைல எங்க கிடைக்கும், இல்லன்னா பதிலுக்கு இஞ்சி போடலாமா? பார்பிக்யூ அடுப்பு கிடையாது, வாங்குற ஐடியாவும் இல்ல. அப்புறம் இருபது பேருக்கு எத்தன கிலோ கறி? வர்றவங்கள்ல நாலஞ்சு சின்னப் பசங்க இருக்காங்க, காரம் ரொம்ப ஆகாது.

சீலோம்வாசி:

சகோ, நான் பாங்காக்லதான் வேலை பாக்குறேன், சீலோம் மாரியம்மன் கோயில்ல இருந்து நடக்குற தூரத்துல வீடு. எல்லாரும் சாஸ்லயே நிக்கிறாங்க, ஆனா சாத்தேவோட பாதி வேலை கறி வெட்டுறதுலயும் சுடும்போது தேங்காப்பால் தடவுறதுலயும்தான் இருக்கு, அத மொதல்ல சொல்லிடுறேன்.

இங்க தெருவுல சுடுறவங்கள பாத்தீங்கன்னா கறி துண்டு துண்டா கபாப் மாதிரி இருக்காது. ரெண்டு மூணு மில்லிமீட்டர் கனத்துல, ரெண்டு விரல் அகலத்துல, பட்டையா இருக்கும். நார் ஓடுற திசைக்குக் குறுக்கா வெட்டணும், இல்லன்னா இழுத்து இழுத்து மெல்லணும். கோழின்னா எலும்பில்லாத தொடைக்கறி வாங்குங்க, நெஞ்சுக்கறி வேணாம், அவ்ளோ மெல்லிசா வெட்டி கரில போட்டா சக்கையாயிடும். அரை மணி நேரம் ஃப்ரீசர்ல வெச்சு கொஞ்சம் விறைச்சதும் வெட்டுனா கத்திக்கு நல்லா அடங்கும். குச்சில ஏத்தும்போது தையல் போடுற மாதிரி மேல கீழ மேல கீழன்னு கோத்து, லேசா இழுத்து விரிச்சு விடுங்க, கூர்முனை வெளிய தெரியக்கூடாது, தெரிஞ்சா அதான் மொதல்ல கருகும்.

மசாலா ஒரு கிலோ கறிக்கு: ஒரு டேபிள்ஸ்பூன் கொத்தமல்லி விதையும் ஒரு டீஸ்பூன் சீரகமும் வறுத்துப் பொடிச்சுக்குங்க. லெமன் கிராஸ் மூணு தண்டு, அடியில இருக்குற வெள்ளைப் பகுதி மட்டும், பொடியா நறுக்கி கலங்கல் ஒரு துண்டோட அரைக்கணும். மஞ்சத்தூள் ஒன்றரை டீஸ்பூன், வெள்ளை மிளகுத்தூள் அரை டீஸ்பூன், சர்க்கரை ரெண்டு டேபிள்ஸ்பூன், உப்பு ரெண்டு டீஸ்பூன், கெட்டித் தேங்காப்பால் 200 மில்லி. அவ்ளோதான். மிளகாத்தூள் கிடையாது, இஞ்சி பூண்டு விழுது கிடையாது, தயிர் கிடையாது, எலுமிச்சம்பழம் பிழியவே கூடாது, இது டிக்கா இல்ல. புளிப்பு எதுவும் இல்லாததால ராத்திரி பூரா ஃப்ரிட்ஜ்ல ஊறுனாலும் கறி குழையாது, அவசரம்னா ரெண்டு மூணு மணி நேரம் போதும். காரமே இல்லாததால பசங்களுக்கு குச்சிய அப்படியே குடுத்துடலாம், காரமெல்லாம் சாஸ்லதான்.

சுடும்போது தேங்காப்பால்ல சிட்டிகை உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் கலந்து தனியா ஒரு கிண்ணத்துல வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் தடவணும். லெமன் கிராஸ் தண்டோட ஒரு முனைய நசுக்குனீங்கன்னா அதுவே பிரஷ் ஆயிடும். கொழுப்பு கரில சொட்டி எழும்புற புகை கறில ஏறுது பாருங்க, அந்த வாசனைதான் ரோட்டுல போறவன நிறுத்தும். கறி ஊறுன மசாலாவையே எடுத்துத் தடவாதீங்க, அது பச்சைக்கறி தொட்டது.

இனி சாஸ். பீனட் பட்டர் ஆள விட்ருங்க. இங்க அது ஒரு குழம்பு, கடலை போட்ட குழம்பு. மதுரைல இருக்கீங்க, பாக்கெட் பால் வாங்காம தேங்கா துருவி மொதப்பால் ரெண்டாம்பால் தனித்தனியா எடுங்க, ரெண்டும் சேத்து 400 மில்லி. மொதப்பால்ல பாதிய ஊத்தி எண்ணெய் பிரியிற வரைக்கும் கொதிக்க விட்டு, அந்த எண்ணெய்லயே மூணு டேபிள்ஸ்பூன் ரெட் கறி பேஸ்ட்ட வதக்கணும். பாக்கெட் பால்னா சாமானியமா பிரியாது, ஒரு ஸ்பூன் எண்ணெய் சேத்துக்குங்க. பேஸ்ட் வாசனை மூக்கத் தூக்குனதும் மீதிப் பால், 150 கிராம் வறுத்துத் தோல் நீக்குன கடலை (ரவை மாதிரி பொடிச்சது, கொஞ்சம் கொரகொரன்னே இருக்கட்டும்), பனைச் சர்க்கரை மூணு டேபிள்ஸ்பூன், கெட்டிப் புளிக்கரைசல் ரெண்டு டேபிள்ஸ்பூன், உப்பு. சின்னத் தீயில கிளறிக்கிட்டே இருந்தா மேல சிவப்பா எண்ணெய் மிதக்கும், அது கெட்டுப்போனது இல்ல, அப்படித்தான் மிதக்கணும். மொதல்ல நாக்குல இனிப்பு, அப்புறம் உப்பு, கடைசியா புளிப்பு லேசா. ஆறுனதும் கடலை தண்ணிய இழுத்துக்கும், அதனால அடுப்புல இருக்கும்போது நீங்க நெனைக்கிறத விட தண்ணியாவே இறக்குங்க.

கடலைய வறுக்குறதுக்கு முன்னாடி ஒரு தட்டுல பரப்பி சுருங்குனது, கருத்தது, பூசணம் புடிச்சது எல்லாத்தையும் பொறுக்கிடுங்க. ஒரு கசப்புக் கடலை விழுந்தா மொத்த சாஸும் போச்சு.

ஈப்போ_அக்கா:

தம்பி, சாத்தேன்னா ஜாவால இருந்து மலாய்க்காரங்க பக்கம் வந்து அப்புறம்தான் தாய்லாந்து போச்சு, அத யாரும் சொல்லலையே அதான் வந்தேன் 😄 எங்க மலேசியாவுல சிலாங்கூர் காஜாங் பக்கம் போனா சாத்தே கடை வரிசையா இருக்கும், கோழி மாடு ஆடு எல்லாம் உண்டு. சாஸ் வேற மாதிரி, எங்களது கடலை நல்லா கொரகொரப்பா, காஞ்ச மிளகா தூக்கலா, தேங்காப்பால் கம்மி, இல்லன்னா சுத்தமா கிடையாது. கூட அமுக்குன சோறு, வெட்டுன வெள்ளரிக்காய், பச்சை வெங்காயம். தாய்காரங்க சோறு வெக்க மாட்டாங்க, ரொட்டிய அதே கரில வாட்டித் தருவாங்க.

நான் சொல்ல வந்தது குச்சி பத்தி. முன்ன எல்லாம் தென்னை ஈர்க்குலதான் கோப்பாங்க, மதுரைல உனக்கு அதுக்கா பஞ்சம்? கனமான ஈர்க்கா எடுத்து சீவிக் கழுவிக்கோ. கடைல மூங்கில் குச்சி வாங்குனாலும் அரை மணி நேரமாவது தண்ணில ஊற வை.

சீலோம்வாசி:

அக்கா ஜாவா விஷயத்துல உங்களோட சண்டையே இல்ல 🙏 ஆனா இந்தச் சகோ கேட்டது தாய் சாத்தே, காஞ்ச மிளகா தூக்குனா அவர் வீட்டுப் பசங்க அழுதுடும். ரொட்டி பத்தி சொன்னது நூத்துக்கு நூறு, சாதா வெள்ளை பிரட் போதும், வாட்டி சதுரமா வெட்டி சாஸ்ல முக்கித் தின்னா கறியே வேணாம்னு தோணும்.

ஆச்சாட் விட்டுப்போச்சு எனக்கு, வெள்ளரிக்காய் ஊறல். அது இல்லாம தாய் சாத்தே கிடையவே கிடையாது, தேங்காப்பால் கடலைன்னு எல்லாம் கொழுப்பு, நாலு குச்சில திகட்டிடும். அரை கப் வினிகர், அரை கப் சர்க்கரை, கால் கப் தண்ணி, ஒரு டீஸ்பூன் உப்பு, சர்க்கரை கரையிற வரைக்கும் காய்ச்சி நல்லா ஆற வையுங்க. வெள்ளரி, சின்ன வெங்காயம், சிவப்பு மிளகா நறுக்கித் தனியா வெச்சுட்டு, பரிமாறும்போதுதான் ஊத்தணும். முன்னாடியே ஊத்துனா வெள்ளரி தண்ணி விட்டு வதங்கிடும். இங்க பார்சல் வாங்குனா சாஸ் ஒரு பிளாஸ்டிக் பைல, இது இன்னொரு பைல, ரெண்டுக்கும் ரப்பர் பேண்ட் சுத்தி உப்பலா கட்டித் தருவாங்க.

மொட்டைமாடி_மதுரை:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கலங்கல் கேள்வி அப்படியே நிக்குது. அப்புறம் ரெட் கறி பேஸ்ட் சூப்பர் மார்க்கெட்ல ஒரு சின்ன டப்பா பாத்தேன், விலைய பாத்துட்டு வெச்சுட்டு வந்துட்டேன், வீட்லயே அரைக்க முடியுமா?

அஞ்சறைப்பெட்டி:

கலங்கல் நம்ம ஊரு பேரரத்தைதான் ப்ரோ. நாட்டு மருந்துக் கடைல சித்தரத்தையத் தூக்கிக் குடுத்துடுவாங்க, அது வேற செடி, பேரரத்தைன்னு கேட்டு வாங்குங்க. ஆனா கிடைக்குறது காஞ்சது, சமையலுக்குப் போட்டா கஷாய வாடை தூக்கும், அதனால வெந்நில ஊற வெச்சு சுண்டுவிரல் நுனி அளவு மட்டும் போடுங்க. இஞ்சி போட்டா தப்பில்ல, ருசி வேற பக்கம் போகும், அவ்ளோதான். லெமன் கிராஸ் நர்சரில தொட்டில விக்கிறாங்க, டீக்கு விக்கிற இலைக்கட்டு இதுக்கு ஆகாது, தண்டு வேணும்.

பேஸ்ட்டுக்கு நான் பண்றது: பேடகி மிளகா ஒரு பத்து பன்னெண்டு விதை எடுத்துட்டு ஊற வெச்சது, கலர் குடுக்கும் காரம் அதிகம் இருக்காது, உங்க பசங்களுக்கும் ஒத்துக்கும். சின்ன வெங்காயம் ஆறேழு, பூண்டு ஆறு பல், லெமன் கிராஸ், பேரரத்தை, கொத்தமல்லி வேர் (இலை வாங்கும்போது வேரோட வாங்குங்க, நாம குப்பைல போடுறத அவங்க பேஸ்ட்டுக்கு எடுத்து வெப்பாங்க), கொஞ்சம் கொத்தமல்லி சீரகம், வெள்ளை மிளகு. அவங்க போடுற காஃபிர் லைம்ங்குற எலுமிச்ச வகையோட தோலுக்குப் பதிலா நாரத்தை இலை நடு நரம்ப எடுத்துட்டு ஒண்ணு ரெண்டு, அச்சு அசல் இல்ல, கிட்ட வரும். அங்க இறால் விழுது சேப்பாங்க, நீங்க சின்னக் கூனி இறால் கருவாட்ட வறுத்துப் பொடிச்சு ஒரு ஸ்பூன் போடலாம்.

பனைச் சர்க்கரைக்கு கருப்பட்டி போட்டா சாஸ் கருத்துடும், வாசனையும் மேல ஏறி உக்காந்துக்கும். தாய்லாந்துல பெட்சபுரி பக்கம் பனைமரத்துல இருந்துதான் எடுக்குறாங்க, ஆனா நம்ம கருப்பட்டி அளவுக்குக் கருக்க மாட்டாங்க. வெளிர் நிற வெல்லம் போதும்.

கரிஅடுப்பு:

அடுப்பு மேட்டர் நான் சொல்றேன். செங்கல் எட்டு பத்து எடுத்து ரெண்டு வரிசையா நீளமா வைங்க, நடுவுல நாலு விரக்கடை இடைவெளி, தாய்லாந்துக்காரன் அடுப்பும் இதே கணக்குதான் நீளமா ஒடுக்கமா. மாடித் தளத்துல நேரா கரி கொட்டாதீங்க தளம் வெடிச்சிடும், கீழ பழைய தகரமும் மணலும் போட்டுக்குங்க. குச்சி ரெண்டு செங்கல் வரிசைக்கும் பாலம் மாதிரி குறுக்கால படுக்கணும், கறி நடுவுல கரிக்கு மேல, வெறும் குச்சி செங்கல் மேல, இப்படி வெச்சா ஊற வெக்காட்டாலும் குச்சி எரியாது. கம்பி வலையே தேவையில்ல. கரி இஸ்திரி கடைக்காரர்கிட்ட கேளுங்க, இல்ல தேங்காத் தொட்டிக் கரி இன்னும் நல்லது. மண்ணெண்ணெய் ஊத்திப் பத்த வெச்சீங்கன்னா கறில அதே வாசனைதான். கரி மேல வெள்ளையா சாம்பல் பூத்தப்புறம்தான் கறி வைக்கணும், அதுக்கு முன்னாடி வெச்சா வெளிய கரி உள்ள பச்சை. மெல்லிசா வெட்டுனதால மொத்தமே அஞ்சாறு நிமிஷம்தான், பக்கத்துல விசிறியோட ஒரு ஆளு நிக்கணும், போன் பாக்குற ஆள நிறுத்தாதீங்க.

அளவு: குச்சிக்கு 25 கிராம்னா கிலோவுக்கு 40 குச்சி. தலைக்கு ஆறு வெச்சாலும் 120, மூணு கிலோ. எங்க வீடுன்னா நாலு கிலோ வாங்குவேன்.

கிளிநொச்சி_பெட்டை:

நான் கனடால இருந்து. எங்கட பக்கம் நிலக்கடலைய கச்சான் எண்டுதான் சொல்லுவம், அதால தலைப்ப பாத்து வேற என்னவோ கடலை எண்டு யோசிச்சன் 😅 ரம்பை (பாண்டன்) இலை கிடைச்சா நாலஞ்ச சேர்த்துக் கட்டி அத வச்சு தேங்காய்ப்பால் பூசுங்கோ, பாங்கொக்கில சில பேர் அப்பிடித்தான் செய்யிறவை, நெருப்பு பட்டதும் வாசம் சும்மா தூக்கும். இங்க குளிருக்கு வெளியில சுட ஏலாது, நான் ஓவன்ல மேல்தட்டில கிரில் போட்டு ஒருக்கா திருப்பி எடுக்கிறனான், ஏர் ஃப்ரையரெண்டா 200 டிகிரில எட்டுப் பத்து நிமிசம். புகை வாசம் வராது, ஆனா ருசி இருக்கும். கரிச்சட்டிய மட்டும் ஒருத்தரும் வீட்டுக்குள்ள கொண்டுபோய் வைக்காதேங்கோ, அந்தப் புகை ஆள கொல்லும்.

இன்னொண்டு, வாற ஆக்களிட்ட முதலே கேளுங்கோ கச்சான் அலர்ஜி ஆருக்கும் இருக்கோ எண்டு. சின்னப் பிள்ளையள் வருகினம் எண்டு சொன்னீங்கள். அப்பிடி ஆரும் இருந்தா கடலை எண்ணெயும் தொடாதேங்கோ, சோஸ் கரண்டி கறித்தட்டில படவும் கூடாது.

மொட்டைமாடி_மதுரை:

நல்லவேளை கேட்டீங்க, தங்கச்சி பையனுக்கு கடலை சேராது, சாஸ தூரமா தனி மேசைல வெச்சுடுறேன், அவனுக்கு ஆச்சாட் மட்டும். ஒரே ஒரு டவுட், சனிக்கிழமையே எல்லாத்தையும் குச்சில கோத்து வெச்சுடலாமா? ஞாயித்துக்கிழமை காலைல 120 குச்சி கோக்க ஆளில்ல.

சீலோம்வாசி:

தாராளமா. கோத்து மூடி போட்ட டப்பால அடுக்கி ஃப்ரிட்ஜ்ல வைங்க, ஃப்ரீசர் வேணாம். சாஸும் சனிக்கிழமையே செஞ்சா இன்னும் நல்லா இருக்கும், சுடப்பண்ணும்போது கொஞ்சம் வெந்நீர் விட்டு இளக்கிக்குங்க. ஆனா பையனுக்கு சேராதுன்னா கடலை அரைச்ச மிக்ஸி ஜார்ல அவனுக்குப் போற மசாலாவ அரைக்காதீங்க, மொதல்ல கறி மசாலாவ அரைச்சு முடிச்சுட்டு கடைசியா கடலைக்கு வாங்க. அவன் குச்சிய மொத ஈட்டுலயே சுட்டுக் குடுத்துடுங்க. தொட்டுக்க கேட்டான்னா வெல்லமும் புளியும் கொஞ்சம் மிளகாவும் கொதிக்க வெச்சுக் குடுங்க, எங்க ஆபீஸ்லயும் ஒருத்தருக்கு இதான்.