சொந்த இணையதளம் வைத்திருப்பவர்களே, மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்

செங்கோட்டைவாசி:

நானே தொடங்குகிறேன். இதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக இருக்கிறது.

2006-ல் இருந்து ஒரு தளம் வைத்திருக்கிறேன். எச்டிஎம்எல்லில் கையால் எழுதியது, நாற்பது பக்கம் இருக்கும். புனலூர் ரயில் பாதையின் மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) படங்கள், எங்கள் ஊர்ப் பேச்சில் கலந்து கிடக்கும் மலையாளச் சொற்கள், அம்மாவின் நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் அதில் உண்டு. அந்தப் பாதையில் மீட்டர்கேஜ் வண்டி 2010-ல் நின்றது, அகலப்பாதை முழுதாகத் திறந்தது 2018-ல். அதற்குப் பிறகுதான் பழைய படங்களைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

2019-ல் மலையாளத்தில் ஒரு மெயில் வந்தது. ஆரியங்காவு ஸ்டேஷன் பக்கத்தின் மூன்றாவது படம். "பச்சைக்கொடி பிடிச்சு நில்க்குன்னது என்றெ அச்சனாணு" என்று எழுதியிருந்தார். அப்பா இறந்துவிட்டார், வீட்டில் வேறு படமே இல்லை, பெரிய காப்பி கிடைக்குமா என்று கேட்டிருந்தார்.

என்னிடம் இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டு பிராட்பேண்ட் 256 கேபிபிஎஸ். பக்கம் சீக்கிரம் திறக்கட்டும் என்று எல்லாப் படத்தையும் 640-க்கு 480 ஆகச் சுருக்கித்தான் ஏற்றினேன். அப்புறம் ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும், அதுதான் தளத்தில் இருக்கிறதே என்று ஒரிஜினலை அழித்துவிட்டேன்.

அடுத்த மாதம் அவர் வீட்டுக்கு நேரில் போனேன். கூடத்துச் சுவரில் அந்தச் சின்னப் படத்தையே பெரிதாக்கி, சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். கொடி தெரிகிறது, தொப்பி தெரிகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் பத்துப் பன்னிரண்டு சதுரங்கள்தான், பழுப்பும் கறுப்புமாக. படத்தில் இருப்பவரின் மனைவி அதைப் பார்த்து "சிரிக்குன்னுண்டு, அல்லே?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

பள்ளிப்பட்டுப் பெண்:

அண்ணா, இதைப் படித்ததும் என் பழைய ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பாட்டிக்குப் பிறந்த ஊர் நகரி. பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகக் கதை சொல்வார். பதினொரு கதைகளைக் கேட்டுக் கேட்டு எழுதி, கோலங்களோடு சேர்த்து என் தளத்தில் போட்டிருந்தேன். 2012-ல், பாட்டி போய் ஆறு மாதம் கழித்து, எல்லாக் கதையையும் ஒரே பக்கமாக்கலாம் என்று பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தேன். புது நோட்பேடில் ஒட்டி, சேவ் கொடுத்தேன். ஏதோ எச்சரிக்கை வந்தது. கடை மூடும் நேரம், ஓகே என்று தட்டிவிட்டு, ஏற்றிவிட்டு, பழைய ஃபைல்களையும் அழித்துவிட்டு வந்தேன்.

வீட்டில் திறந்தால் பக்கம் முழுக்கக் கேள்விக்குறி. கமா, முற்றுப்புள்ளி, பத்திகள் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு கதையும் "பாட்டி சொன்னது" என்றுதான் தொடங்கும். 'பாட்டி' இருந்த இடத்தில் ஆறு கேள்விக்குறிகள். பார்க்க மூன்று எழுத்து, ஆனால் காலும் புள்ளியும் மேல்விலங்கும் கணினிக்குத் தனித்தனி. எது பாட்டியின் பெயர், எது ஊரின் பெயர் என்று குறிகளை எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்பம்மெட்டு:

தங்கச்சி, அது ஆன்சி முறையில், அதாவது தமிழ் எழுத்துக்கு இடமில்லாத பழைய முறையில், சேவ் ஆனதால் வந்த வினை. நோட்பேடில் அதுதான் இயல்பாக இருந்தது, 2019-ல்தான் எல்லா மொழி எழுத்துக்கும் இடமுள்ள யூடிஎஃப்-8 ஆக மாற்றினார்கள். கேள்விக்குறியாகச் சேவ் ஆகிவிட்டால் அந்த ஃபைலிலிருந்து மீட்க வழியே இல்லை. தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'வும் வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்துமாக வந்திருந்தால் பயமில்லை. எழுத்து உள்ளே பத்திரமாக இருக்கிறது, பக்கத்தின் தலையில் யூடிஎஃப்-8 என்று ஒரு வரி சேர்த்தால் தமிழ் வந்துவிடும்.

என் கதை சின்னது. ஏலக்காய்த் தோட்டப் படங்களை வைத்து ஒரு தளம் செய்து, குமுளியில் சித்தப்பா கடையில் பத்துப் பேருக்கு முன்னால் திறந்தேன். ஒரு படம்கூட வரவில்லை. கேமரா படத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் முடித்திருக்கிறது, நான் பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறேன். விண்டோஸ் இரண்டும் ஒன்று என்று விட்டுவிடும், தளம் இருக்கும் லினக்ஸ் சர்வர் விடாது. சித்தப்பா "பரவாயில்லப்பா" என்றார். அந்தக் குரல்தான் இன்னும் காதில் நிற்கிறது.

ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன். ஃபைல் பெயர் முழுவதும் சின்ன ஆங்கில எழுத்தில் இருக்கட்டும், நடுவே இடைவெளி வேண்டாம். ஒரிஜினல் படத்தை ஒருபோதும் அழிக்காதீர்கள், தளத்தில் இருப்பது காட்டுவதற்கான நகல்தான். மூன்று இடத்தில் காப்பி வையுங்கள், அதில் ஒன்று வேறு வீட்டில். டொமைன் (தளத்தின் முகவரி) புதுப்பிக்கும் தேதியை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். தேதி தவறினால் கொஞ்ச நாள் வரை மீட்கலாம், ஆனால் வழக்கமான கட்டணத்தைவிடப் பல மடங்கு கேட்பார்கள். முக்கியமாக, செங்கோட்டை அண்ணாச்சி கோபிக்கக் கூடாது, ரயிலையும் ஊறுகாயையும் ஒரே தளத்தில் வைப்பது சரியில்லை. வருகிறவர் குழம்பிப்போவார். ஒரு தளத்துக்கு ஒரு பொருள்தான் இருக்க வேண்டும். தேடுபொறிக்கும் அதுதான் புரியும்.

குழித்துறைக்காரன்:

கம்பத்துத் தம்பி, மற்றதெல்லாம் சரி, கடைசியாகச் சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

என் தளத்தில் தேனீ உண்டு, செஸ் உண்டு, தாத்தாவின் பள்ளி நோட்டு உண்டு. எங்கள் பகுதி 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்பு தாத்தா மலையாளத்தில் படித்தவர். அந்த நோட்டை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறேன். தேனீப் பக்கத்தில் ரப்பர் தேனைப் பற்றி எழுதியிருந்தேன். அது பூவிலிருந்து வருவதில்லை, தளிர் இலைக் காம்பின் நுனியில் ஊறும் தேன்துளியைத்தான் ஈ எடுக்கிறது. அதைத் தேடி, எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கும் பாறசாலைக்காரர் ஒருவர் வந்திருக்கிறார், அவரும் பெட்டி வைத்துத் தேன் எடுக்கிறவர். பக்கத்தின் அடியில் இருந்த சுட்டியை அமுக்கி நோட்டுக்குப் போயிருக்கிறார்.

இரண்டு வாரம் கழித்து ஜூன் மழையில் பைக்கில் வந்து நின்றார். சட்டைக்குள்ளிருந்து பாலித்தீன் பை ஒன்றை எடுத்தார். உள்ளே அவருடைய தாத்தாவின் நோட்டு, முழுக்கத் தமிழில். "எங்க வீட்டுல இப்ப இத வாசிக்க ஆளில்ல" என்றார். திண்ணையில் உட்கார்ந்து நான் வாசிக்க, அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நெல் கணக்கு, கொஞ்சம் கடன் கணக்கு, நடுவில் ஒரு பக்கத்தில் தாலாட்டு. தேனுக்கு ஒரு தளம், நோட்டுக்கு ஒரு தளம் என்று பிரித்து வைத்திருந்தால் அவர் வந்திருக்கவே மாட்டார். நம் தளம் நம் வீடு மாதிரி. அதில் நமக்குப் பிடித்ததெல்லாம் இருக்கட்டும்.

செங்கோட்டைவாசி:

கம்பத்தார் சொன்னதில் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. ஆனால் ஊறுகாய் அங்கேயேதான் இருக்கும். அந்த மூன்றாவது படத்தின் கீழ் இப்போது அவர் பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் போட்டிருக்கிறேன், மகன் எழுதிக் கொடுத்தபடியே. தங்கச்சி, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் உங்கள் பழைய முகவரியைக் கொடுத்துப் பார்த்தீர்களா? ஒருமுறையாவது சேமித்திருக்கலாம்.

பள்ளிப்பட்டுப் பெண்:

இப்போதுதான் பார்த்தேன் அண்ணா. இரண்டு கதை இருக்கிறது! நரிக் கதையும், ஏழு மருமகள் கதையும். கை நடுங்குகிறது, உடனே எடுத்து வைத்துக்கொண்டேன். மற்ற ஒன்பதும் இல்லை. நகரியில் சித்திக்கு அதில் நாலைந்து தெரியும், ஆனால் அவர் முழுக்கத் தெலுங்கில்தான் சொல்வார். நான் தமிழாக்கினால் பாட்டி சொன்ன மாதிரி இருக்காது. சித்தி சொல்கிறபடியே தெலுங்கை நம் எழுத்தில் எழுதிப் போடலாமா? யாராவது அப்படிச் செய்திருக்கிறீர்களா?