முதல்ல ஒரு டிஷ்யூ எடு

குழு: சுங்கை சிப்புட் குடும்பம் 🌴

புதன்

பாப்பா, இரவு 8:06
காடி வந்திருச்சு 🙏 2009 பென்சு சி200 கொம்ப்ரசர், டபிள்யூ204 மாடல். மீட்டர்ல 214,000 கிலோமீட்டர்.
[படம்]

அம்மா, 8:07
எலுமிச்சம்பழம் வச்சு ஏத்துனியா

பாப்பா, 8:08
ஏத்தியாச்சும்மா, நாலு டயருக்கும்.
மாமா, முதல்ல என்ன செய்யணும்? சர்வீஸ் எல்லாம் முடிச்சுதான் கொடுக்கறேன்னாரு வித்தவரு. ஆனா சர்வீஸ் புக்கு இல்ல.

சின்ன மாமா, 8:15
புக்கு இல்லேன்னா எதையும் செய்யலேன்னு வச்சுக்கோ. மனசு நிம்மதியா இருக்கும்.

பாப்பா, 8:16
புஸ்பாகோம்ல பி5 சோதனை பாஸ் ஆனதுதானே?

சின்ன மாமா, 8:17
பி5-ல எஞ்சினுக்குள்ள இருக்கற டைமிங் செயினைக் கழட்டியா பார்ப்பாங்க? அது காடியைப் பேர் மாத்தறதுக்கு.

பெரியப்பா, 8:19
பென்சு எஞ்சின் சாகாது. எண்ணெய் மட்டும் மாத்திக்கிட்டு ஓட்டு.

சின்ன மாமா, 8:24
மச்சான், எஞ்சின் சாகாதுதான். அதைச் சுத்தி இருக்கற ரப்பரும் வயரும்தான் சாவும். இந்த எம்271 எஞ்சின்ல முதல்ல பாக்க வேண்டியது எண்ணெய் இல்ல, கேம் மேக்னட்டு. வால்வைத் திறக்கற கேம் ஷாஃப்டோட நேரத்தை மாத்தற மின் காந்தம் அது.
பாப்பா, நாளைக்குக் காலையில எஞ்சின் ஆறி இருக்கறப்ப போனெட்டைத் திற. ஒரு டிஷ்யூ எடுத்துக்கோ. எஞ்சின் முன்பக்கம், ஹெட்டோட முகப்புல, பக்கத்துப் பக்கத்துல ரெண்டு வட்டமான சாமான் தெரியும். ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பின் உள்ள பிளக்கு இருக்கும். சாவி வெளியில இருக்கட்டும். பிளக்கு கிளிப்பை அமுக்கி மெதுவா இழு, வயரைப் புடிச்சு இழுக்காதே. டிஷ்யூவைக் கூரா முறுக்கி பிளக்குக்குள்ள விட்டுத் துடைச்சு எடு. படம் அனுப்பு.

பாப்பா, 8:26
எண்ணெய் இருந்தா?

சின்ன மாமா, 8:31
மேக்னட்டுக்குள்ள இருக்கற சீல் போச்சுன்னு அர்த்தம். வெளியில ஒழுகினா தரையில சொட்டு தெரியும், யாரும் பயப்பட மாட்டாங்க. இது வெளியில வராது. செம்புக் கம்பி இழைகளுக்கு நடுவுல விளக்குத் திரியில ஏறற மாதிரி ஏறிப் போவும். வயரோட தோலுக்குள்ளயே போய் எஞ்சின் கம்ப்யூட்டர் பிளக்குல நிக்கும். மேக்னட்டு விலை ஒரு விலை, கம்ப்யூட்டர் விலை வேற விலை.

ஈப்போ அண்ணன், 8:33
அதுக்குன்னே சின்ன ஒட்டு வயர் விக்குது பாப்பா. மேக்னட்டுக்கும் பழைய வயருக்கும் நடுவுல மாட்டணும். மறுபடி ஒழுகினாலும் எண்ணெய் அந்தத் துண்டோட நிக்கும். மேக்னட்டு மாத்தறப்ப கூடவே போட்டுரு. எங்க கடையில எல்லாரும் ரெண்டு மேக்னட்டு, ரெண்டு ஒட்டு வயர்னு சேத்துத்தான் வாங்கறாங்க.

பாப்பா, 8:35
வெறும் வயர் மட்டும் போட்டா போதாதா அண்ணே?

ஈப்போ அண்ணன், 8:35
சீல் போன மேக்னட்டை வச்சுக்கிட்டு வயர் மட்டும் போடறது ஓட்டை வாளிக்கு மூடி வாங்கற கதை.

சின்ன மாமா, 8:41
இதே வேலைதான் கியர்பாக்ஸ்லயும். அது 722.6, அஞ்சு கியர். பக்கவாட்டுல 13 பின் உள்ள ஒரு பிளக்கு போவும். அதைச் சுத்தி பிளாஸ்டிக் குழல் ஒண்ணு, ரெண்டு ஓ-ரிங். ஓ-ரிங் காஞ்சு போனா ஏடிஎஃப் (கியர்பாக்ஸ் எண்ணெய்) வயர் வழியா ஏறி கியர் கம்ப்யூட்டருக்குப் போயிரும். கியர் மாறாம ஒரே கியர்ல நிக்கும், போர்மென் (மெக்கானிக்) கியர்பாக்ஸ் போச்சுன்னு சொல்லிருவான். குழலை மாத்தி, பிளக்கையும் கம்ப்யூட்டர் பக்கத்தையும் துடைச்சுப் பாக்காம கியர்பாக்ஸைக் கழட்ட விடாதே.

பெரியப்பா, 8:43
கியர்பாக்ஸ் எண்ணெய் மாத்த வேண்டாம்னு சொல்வாங்களே. அப்படியே விட்டாத்தான் நல்லதுன்னு

சின்ன மாமா, 8:50
200,000 தாண்டியும் மாத்தலைன்னா, இனிமே விட்டா இன்னும் கெடும் மச்சான். கியர்பாக்ஸுக்கு அடியில இருக்கற பானை (எண்ணெய்த் தட்டு) இறக்கினா 4, 5 லிட்டர்தான் வரும். மிச்சம் டார்க் கன்வெர்ட்டருக்குள்ள நிக்கும். மொத்தம் ஏறக்குறைய 8 லிட்டர். அதனால முதல்ல ஒரு தடவை பான், ஃபில்டர், கேஸ்கெட் மாத்து. கொஞ்ச நாள் ஓட்டி மறுபடி ஒரு தடவை எண்ணெய் மட்டும் மாத்து. பழைய எண்ணெய் கறுப்பா, கருகின வாசமா இருந்தா சொல்லு, அப்ப கதை வேற.
எண்ணெய் எம்பி (பென்சு கம்பெனி) 236.14 அப்ரூவல்னு டப்பாவுல எழுதியிருக்கணும். "எல்லா காடிக்கும் பொருந்தும்" டப்பா வேண்டாம்.

ஈப்போ அண்ணன், 8:52
அளவு பாக்கறதுதான் முக்கியம். கியர்பாக்ஸ் எண்ணெய் ஊத்தற குழாயில மூடி மட்டும்தான் இருக்கும், உள்ள டிப்ஸ்டிக் கிடையாது. போர்மென்கிட்ட தனியா நீளமான ஸ்டிக் இருக்கணும். எண்ணெய் 80 டிகிரி வந்தப்புறம், எஞ்சின் ஓடிக்கிட்டு, பி-யில வச்சுப் பாக்கணும். "சும்மா கண்ணால பாத்து ஊத்தினேன்"னு சொல்ற கடைக்கு நன்றி சொல்லிட்டு வந்துரு.

அம்மா, 8:53
தம்பி சாப்பிட்டியா. அவளை நாளைக்கே பயமுறுத்தாதே

சின்ன மாமா, 8:54
சாப்பிட்டேன்க்கா. பயமுறுத்தல, வரிசை போட்டுக் கொடுக்கறேன்.

பாப்பா, 8:56
எஞ்சின் எண்ணெய்?

சின்ன மாமா, 9:02
5.5 லிட்டர், ஃபில்டரோட. எம்பி 229.5, 5டபிள்யூ-40. ஃபில்டர் மேல இருந்தே கழட்டலாம், மூடியில உள்ள ஓ-ரிங்கை மாத்தாம விட்டா அங்கேயே கசியும். கீழ டிரெயின் போல்ட்டுக்கு புது வாஷர். முதல்ல 5 லிட்டர் ஊத்தி, ஓட வச்சு, நிறுத்தி அஞ்சு நிமிசம் கழிச்சுப் பாத்து மிச்சத்தை ஊத்து.
8,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்து. 15,000-னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதே. இந்த எஞ்சின் செயின் தேயறதுக்கு பழைய எண்ணெயும் ஒரு காரணம்.

பாப்பா, 9:03
செயின் எப்படித் தெரியும்

சின்ன மாமா, 9:10
ராத்திரி முழுக்க நிறுத்தி வச்ச காடியைக் காலையில ஸ்டார்ட் பண்ணு. ரெண்டு மூணு செகண்டு "கரகர"ன்னு சத்தம் வந்து அடங்கினா சந்தேகப்படு. ஸ்கேனர்ல பி0016, பி0017 பிழைக் கோடு வந்தா இன்னும் சந்தேகம். முடிவு சொல்லணும்னா மேல கவரைக் கழட்டி, ஒண்ணாம் நம்பர் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டு வந்து, கேம் கியர்ல உள்ள குறி பாக்கணும். குறி தள்ளிப் போயிருந்தா செயின், ரெண்டு கேம் கியர், டென்சனர் எல்லாம் ஒண்ணா மாத்தணும். கேம் கியர்ல பல்லு தேஞ்சிருந்தா புதுச் செயினையும் சேத்துத் தின்னுரும். செயின் தாவினா வால்வு பிஸ்டன்ல முட்டும். அதோட கதை முடிஞ்சது.

பெரியப்பா, 9:12
ரேடியேட்டருக்கு எதுக்கு அந்த நீலத் தண்ணி? குழாய்த் தண்ணி போதாதா?

சின்ன மாமா, 9:14
மச்சான், நீங்க சொல்றது இரும்பு பிளாக்கு காலம். இதுல பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். குழாய்த் தண்ணி உப்பு படியும், அரிக்கும். எம்பி 325.0 கூலன்ட், சுத்திகரிச்ச தண்ணியோட பாதிக்குப் பாதி. பச்சைக் கூலன்டை மேல ஊத்தக் கூடாது, முழுக்க இறக்கிட்டுத்தான் புதுசு. சூடா இருக்கறப்ப மூடியைத் தொடாதே பாப்பா.

பெரியப்பா, 9:14
சரி சரி 😅

ஈப்போ அண்ணன், 9:20
ஐடில்ல மீட்டர் முள்ளு ஏறி இறங்குதா? பி0171 கோடு (காத்து அதிகம், பெட்ரோல் கம்மி)? அப்படி இருந்தா இன்ஜெக்டரைக் குறை சொல்றதுக்கு முன்ன பிரீதர் ஹோஸைப் (எஞ்சின் ஆவி போற ரப்பர் குழாய்) பாருங்க. எண்ணெய் ஆவியில ஊறி ரப்பர் மெத்துன்னு ஆகி, வளைவுல கிழிஞ்சிரும். கை விட்டு வளைவுக்கு அடிப்பக்கம் தடவிப் பாக்கணும், மேல பாத்தா நல்லாத்தான் இருக்கும். ஸ்மோக் டெஸ்ட் பண்ற கடையா இருந்தா பத்து நிமிசத்துல தெரிஞ்சிரும்.

பாப்பா, 9:22
சிக்னல்ல டி-யில நின்னா ஸ்டீரிங் லேசா உதறுது. என்-ல போட்டா நிக்குது.

ஈப்போ அண்ணன், 9:23
எஞ்சின் மவுன்டிங், எஞ்சினைத் தாங்கற ரப்பர். உள்ள எண்ணெய் அடைச்சிருக்கும், அது ஒழுகிருச்சு. ரெண்டு பக்கமும் ஒண்ணா மாத்து. கியர்பாக்ஸ் மவுன்டிங்கும்.

சின்ன மாமா, 9:29
தோட்டத்து செம்மண் ரோட்டுல தினம் போறதால லோவர் ஆர்ம் புஷ்ஷையும் (சக்கரத்தைப் புடிக்கற கையில உள்ள ரப்பர்) பாக்கணும். ஒண்ணு மறக்காம போர்மென்கிட்ட சொல்லு: புஷ் போல்ட்டை டைட் பண்றப்ப காடி சக்கரத்துல நிக்கணும். ஜேக்கில தூக்கி வச்சு டைட் பண்ணினா, இறக்கின உடனே ரப்பர் முறுக்கிக்கும். ஆறு மாசத்துல கிழியும், சாமான் மட்டம்னு சொல்லுவாங்க.
ரப்பர் மரத்தடியில நிறுத்தாதே. முன் கண்ணாடிக்குக் கீழ பிளாஸ்டிக் மூடியில இலை சேந்தா தண்ணி வடியாம காடிக்குள்ள வரும்.

பாப்பா, 9:31
சில நேரம் "பிரேக் லைட் பாரு"ன்னு மீட்டர்ல வருது. பல்பு மாத்தினாங்களாம், மறுபடி வருது

ஈப்போ அண்ணன், 9:34
பல்பு இல்ல. பின் விளக்கு பிளக்குல பிரவுன் வயரைப் பாரு, அதான் எர்த்து. பின் கருகி பிளாஸ்டிக் உருகியிருக்கும். கருகின பின்னை வெட்டி புதுசு போட்டு, கொஞ்சம் தடிமனான வயரா இழுக்கணும். பல்பு ஹோல்டரையும் மாத்து, அதுவும் கருகியிருக்கும்.
விளக்கு, கதவு, கண்ணாடி ஹாப்கட் (பழைய காடி சாமான்) கடையில எடுக்கலாம். மேக்னட்டு, மவுன்டிங், ஹோஸ், காயில் ஹாப்கட்ல எடுக்கக் கூடாது, அதுவும் உன்னோடதைவிட வயசானது. சேசிஸ் நம்பரை எனக்குத் தனியா அனுப்பு, குழுவுல போடாதே.

அம்மா, 9:36
ரோட்டெக்ஸ் (சாலை வரி) எவ்வளவு வரும்

ஈப்போ அண்ணன், 9:37
1796 சிசி அத்தை. 1600-க்கு மேல சிசிக்கு 40 காசு. 200 வெள்ளியோட சேத்து 278 வெள்ளி 40 காசு.

சின்ன மாமா, 9:44
இன்னொண்ணு. சாவி போடறப்ப ஸ்டீரிங் கிட்ட "கிர்ர்"னு ஒரு சின்னச் சத்தம் வரும், பூட்டு திறக்கற மோட்டாரு. ஒரு நாள் அந்தச் சத்தம் வராம, மீட்டர் எரியாம நின்னா பேட்டரியை மாத்த ஓடாதே. ஸ்டீரிங் லாக். பல தடவை போட்டு எடுத்தா சில நேரம் திறக்கும். திறந்துட்டா சாவியை எடுக்காம நேரா என் பெங்கெலுக்கு (ஒர்க்‌ஷாப்) வந்துரு.

வியாழன்

பாப்பா, காலை 7:12
[படம்]
[படம்]
இடது பக்கம் காஞ்சிருக்கு. வலது பக்கம் டிஷ்யூ ஈரம், தேன் கலர் 😟

சின்ன மாமா, 7:15
தேன் கலர்தான் எண்ணெய். கம்ப்யூட்டர் பிளக்கையும் அதே மாதிரி பாரு. பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு.

பாப்பா, 7:31
அது காஞ்சிருக்கு 🙏🙏
[படம்]

சின்ன மாமா, 7:32
நல்ல நேரத்துல பாத்துட்டே. ஈப்போக்காரா, மேக்னட்டு ரெண்டு, ஒட்டு வயர் ரெண்டு, கியர்பாக்ஸ் குழல் ஒண்ணு.

ஈப்போ அண்ணன், 7:33
எடுத்து வச்சுட்டேன் மாமா. எஞ்சின் மவுன்டிங் நாளைக்கு வரும்.

பாப்பா, 7:34
சனிக்கிழமை காலையில கொண்டு வரட்டா மாமா?

சின்ன மாமா, 7:35
வெள்ளி ராத்திரியே விட்டுட்டுப் போ. ஓட்டிக்கிட்டு வந்தா சூடா இருக்கும், செயின் சத்தம் கேக்காது. காலையில முதல் ஸ்டார்ட்டை நான்தான் பண்ணணும்.

அம்மா, 7:36
அப்ப வெள்ளிக்கிழமை ராத்திரி எல்லாரும் சாப்பாட்டுக்கு இங்க வாங்க. விரதம், மீன் கிடையாது

பெரியப்பா, 7:36
👍