லக்ஸ் போட்ட சர்வர்: பூட்டுவது சுலபம், இடறுவது எங்கே?

இரவுப்பணி:
சிங்கப்பூரில் துணைப்பாட நிலையம், சின்ன மருந்தகம் மாதிரி இடங்களில் அடையாள அட்டை எண்ணோடு டேட்டாபேஸ் ஓடுகிறது. டெபியன், உபுண்டு மாதிரி லினக்ஸில் காலியான டிஸ்க்குக்கு லக்ஸ்2 (டிஸ்க்கையே என்கிரிப்ட் செய்து கடவுச்சொல்லால் பூட்டும் முறை) போட அரை மணி நேரம்கூட ஆகாது. 'கிரிப்ட்செட்டப் லக்ஸ்ஃபார்மட்' கொடுத்தால் ஏஇஎஸ்-எக்ஸ்டிஎஸ் என்கிரிப்ஷன் முறை தானாக வரும். கீ 512 பிட் என்று காட்டும். அது இரண்டு 256 பிட் கீ சேர்ந்தது, பயந்துவிட வேண்டாம்.

சிக்கல் வருவது ஹெடரில், அதாவது டிஸ்க்கைத் திறக்கும் கீ விவரம் இருக்கும் இடத்தில். டிஸ்க்கின் முதல் 16 எம்பி அதுதான். டிஸ்க் மாற்றும்போது யாராவது தவறான டிஸ்க்கில், நேரடியாக மேலெழுதும் 'டிடி' கட்டளையை ஓட்டினால் போச்சு. கடவுச்சொல் சரியாக இருந்தாலும் திறக்காது. லக்ஸ்2 தன் மெட்டாடேட்டாவை இரண்டு பிரதியாக வைத்திருக்கும், ஆனால் கடவுச்சொல்லால் பூட்டிய கீ இருக்கும் கீஸ்லாட் பகுதிக்கு ஒரே பிரதிதான். அதனால் ஃபார்மட் முடிந்த கையோடு 'லக்ஸ்ஹெடர்பேக்கப்' எடுத்து, வேறு இடத்தில் வையுங்கள்.

இன்னொன்று ஆர்கான்2, கடவுச்சொல்லை ஊகிப்பதைக் கடினமாக்க வேண்டுமென்றே மெமரியைத் தின்னும் கணக்கு. ஃபார்மட் செய்யும் மெஷினின் மெமரியைப் பார்த்து, 1 ஜிபி வரை கேட்கும்படி அது அமைந்துவிடும். 32 ஜிபி மெஷினில் போட்ட டிஸ்க்கை 1 ஜிபி விஎம்மில் (மெய்நிகர் மெஷினில்) மாட்டினால் திறக்கும்போதே மெமரி போதாமல் செத்துவிடும். பெரிய மெஷினிலேயே 'லக்ஸ்கன்வர்ட்கீ' கொடுத்து, மெமரியை 262144 கேபி ஆக, அதாவது 256 எம்பியாக, குறைத்துவிட்டு எடுத்துப் போங்கள்.

ரேக்_ராஜா:
ரூட் டிஸ்க்கையும் பூட்டினால் ரீபூட் ஆனதும் கடவுச்சொல் கேட்டு நிற்கும். அதற்காக நள்ளிரவில் ஜூரோங் டேட்டா சென்டருக்கு டாக்ஸி பிடிக்க முடியாது. 'டிராப்பேர்-இனிட்ராம்எஃப்எஸ்' (டிஸ்க் திறக்குமுன்பே ஓடும் குட்டி எஸ்எஸ்ஹெச் சர்வர்) போட்டு, உங்கள் பப்ளிக் கீயைச் சேர்த்து, 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்' ஓட்டுங்கள். தொலைவிலிருந்தே எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்து 'கிரிப்ட்ரூட்-அன்லாக்' கொடுத்தால் திறக்கும்.

கவனம்: டிராப்பேரின் ஹோஸ்ட் கீ (சர்வரின் அடையாளக் கீ) வேறு, சர்வர் முழுதாக ஏறியபின் ஓடும் ஓபன்எஸ்எஸ்ஹெச்சின் ஹோஸ்ட் கீ வேறு. ஒரே போர்ட்டில் வைத்தால் ஒவ்வொரு தடவையும் எச்சரிக்கை வரும், ஆட்கள் அதைப் பார்க்காமலே அழித்துவிட்டுப் போகப் பழகுவார்கள். கடவுச்சொல் அடிக்கும் இடத்தில் அந்தப் பழக்கம் ஆபத்து. டிராப்பேரை 2222க்கு மாற்றுங்கள். பாண்டிங், விலேன் மாதிரி சிக்கலான நெட்வொர்க் அமைப்பு போட்ட சர்வரில், பூட் ஆகும் ஆரம்பக் கட்டமான இனிட்ராம்எஃப்எஸ்ஸில் நெட்வொர்க்கே ஏறாமல் போகலாம். நேரில் கீபோர்டு இருக்கும்போதே ஒரு தடவை ரீபூட் செய்து பாருங்கள்.

ஆள் இல்லாமல் திறக்க கிளெவிஸ், டாங் நல்ல ஜோடி: நெட்வொர்க்கில் இருக்கும் டாங் சர்வரை எட்ட முடிந்தால் மட்டும் கிளெவிஸ் டிஸ்க்கைத் திறக்கும். ஆனால் டாங் சர்வரை அதே ரேக்கில் வைத்தால் திருடுபவன் இரண்டையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போவான்.

தெம்பனிஸ்_டிபிஏ:
இரவுப்பணி அண்ணே சொன்ன ஹெடர் பேக்கப்பில் ஒரு பொறி உண்டு. வேலையை விட்டுப் போனவரின் கடவுச்சொல்லை நீக்கினாலும், பழைய ஹெடர் பேக்கப்பில் அது உயிரோடு இருக்கும். அந்தக் கோப்பும் டிஸ்க்கும் கையில் கிடைத்தால் திறந்துவிடலாம். பழைய ஹெடர் பேக்கப் எல்லாவற்றையும் அழியுங்கள். கோப்பு எங்கே போனது என்றே தெரியாவிட்டால் டிஸ்க்கைப் புதுக் கீயில் மறுபடி பூட்டும் 'ரீஎன்கிரிப்ட்'தான் வழி.

லக்ஸ் காப்பது அணைந்த டிஸ்க்கை மட்டும். சர்வர் ஓடும்போது, இணையதளப் படிவம் வழியாக டேட்டாபேஸுக்குக் கட்டளை நுழைக்கும் எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷனில் நுழைபவனுக்கு எல்லாம் திறந்த வீடு. டேட்டாபேஸ் பேக்கப்பையாவது தனியாகப் பூட்டுங்கள்: பிரதி எடுக்க 'பிஜி_டம்ப்', பிறகு சுருக்க 'இசட்எஸ்டிடி', பிறகு பூட்ட 'ஏஜ்'. சர்வரில் பப்ளிக் கீ மட்டும் இருக்கட்டும். பூட்டிய கோப்பு சுருங்காது, அதனால் வரிசை முக்கியம். இவற்றை வரிசையாக ஓட்டும் பாஷ் ஸ்கிரிப்டில் 'பைப்ஃபெயில்' போடாவிட்டால் டம்ப் பாதியில் நின்றாலும் வேலை வெற்றி என்றே காட்டும்.

நம் சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி 2021 பிப்ரவரி முதல், 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்தால், அறிவிக்க வேண்டிய கசிவு என்று மதிப்பிட்ட 3 நாளுக்குள் ஆணையத்திடம் சொல்ல வேண்டும். பெரிய பாதிப்பு வராதபடி முன்பே என்கிரிப்ட் செய்திருந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்வதிலிருந்து விலக்கு உண்டு, ஆணையத்துக்குச் சொல்வதிலிருந்து இல்லை. கீயும் சேர்ந்து போயிருந்தால் அந்த விலக்கைக் கேட்கவே வாய் வராது.

ரேக்_ராஜா:
ஸ்வாப்பை (மெமரி போதாதபோது பயன்படும் டிஸ்க் பகுதியை) மறந்துவிடாதீர்கள், மெமரியில் இருந்தது அங்கே அப்படியே எழுதப்படும். அதைப் பூட்ட, சர்வர் ஒவ்வொரு தடவை பூட் ஆகும்போதும் யூரேண்டமிலிருந்து (லினக்ஸின் தற்செயல் எண் மூலம்) எடுக்கும் புதுக் கீ போதும். பூட்டிய டிஸ்க்குகளின் பட்டியலான கிரிப்ட்டேப்பில் மட்டும் 'எஸ்டிபி' மாதிரி பெயர் கொடுக்காதீர்கள், பார்ட்யூயூஐடி (டிஸ்க் பகுதியின் மாறாத அடையாள எண்) கொடுங்கள். டிஸ்க் வரிசை ஒரு நாள் மாறினால் உங்கள் டேட்டா மேலேயே ஸ்வாப் எழுதிவிடும்.