டான்சில் எடுத்த பிறகும் திரும்பி வந்த குறட்டை: அண்ணத்தை விரிக்கும் கருவியா, சீபாப்பா?

வணக்கம். இடம் தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த். மகனுக்கு 8 வயது, ஒல்லியான உடம்பு.

வாரத்தில் ஐந்தாறு இரவு குறட்டை. வாயைத் திறந்தே தூங்குகிறான்; கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொள்கிறான். நெஞ்சு ஏறி இறங்கும், ஆனால் மூச்சுச் சத்தம் பத்து நொடி வரை நின்று, திணறலோடு திரும்பும். தலையணை வியர்வையில் நனைகிறது. நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்கிவிட்டது. பகலில் தூங்கி வழிவதில்லை, துறுதுறுப்புதான் அதிகம். பள்ளியில் கவனக்குறைவுக் கோளாறு என்கிறார்கள். இரவைப் பார்க்காதவர்கள் வேறென்ன சொல்வார்கள்!

2 வருடம் முன் டான்சில், அடினாய்டு (மூக்கின் பின்புறச் சதை) இரண்டும் எடுத்தாயிற்று. ஆறு மாதம் நிம்மதி, பிறகு பழைய கதை. அடினாய்டு திரும்ப வளரவில்லை என்று எண்டோஸ்கோப்பியில் தெரிந்தது. மொமெட்டசோன் மூக்கு ஸ்ப்ரே 12 வாரம். மூக்கடைப்பு மட்டும் குறைந்தது. போன மாதம் ஆய்வகத்தில் இரவு முழுக்கத் தூக்கப் பரிசோதனை: மணிக்கு 6 தடவை மூச்சுத் தடை. பெரியவர்களுக்கு இது லேசானது. குழந்தைக்கு 1-ஐத் தாண்டினாலே கோளாறு.

மேல் அண்ணம் குறுகி, உயர்ந்து குவிந்திருக்கிறது. வலப்பக்கக் கடைவாய்ப் பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே கடிக்கின்றன. பல் சீரமைப்பு மருத்துவர் சொல்வது: கடைவாய்ப் பற்களில் விரிப்பான் பொருத்தி, அதன் திருகை நாளுக்குக் கால்வாசிச் சுற்று திருப்பவேண்டும், அதாவது 0.25 மி.மீ. விரிவு; மொத்தம் 6 மி.மீ., பிறகு 6 மாதம் கழற்றாமல் விடவேண்டும். காது மூக்கு தொண்டை மருத்துவரோ முதலில் சீபாப் முகமூடி (தூங்கும்போது காற்றை அழுத்தி அனுப்பி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் கருவி) என்கிறார்.

இந்த அளவில் உள்ள குழந்தைக்கு, விரிப்பானை மட்டும் போட்டு முடிந்ததும் மறுபரிசோதனை செய்தால் போதுமா, அல்லது அதுவரை சீபாப்பும் சேர்ந்தே ஓடவேண்டுமா?