அரைத் தீவிரமா, இடைச்செறிவா?

மீன்குஞ்சு வளர்ப்புக் கையேட்டுக்கான தமிழ்ச் சொற்களில், செமி-இன்டென்சிவ் (semi-intensive) என்பதற்கு 'அரைத் தீவிர வளர்ப்பு' என்று போடலாம் என்று நேற்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒப்பவில்லை. தீவிரம் என்றதும் காய்ச்சலும் கலவரமும்தான் நினைவுக்கு வருகின்றன, அதில் பாதி என்றால் எவ்வளவு? முட்டையைப் பொரிக்க வைத்துக் குஞ்சு வளர்க்கும் மீன் பொரிப்பகத்தில் இந்தச் சொல் எதை அளக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் பெயர் வைப்போம்.

அளப்பது நெருக்கத்தை. கடல்மீன் லார்வாக்களை, அதாவது முட்டையிலிருந்து புதிதாக வந்த இளங்குஞ்சுகளை, லிட்டருக்கு 50, 100 என்று தொட்டியில் அடைத்து, இரை முழுவதையும் வேறிடத்தில் வளர்த்துக் கொண்டுவந்து ஊற்றினால் அது இன்டென்சிவ். பெரிய குளத்தில் லிட்டருக்கு ஒன்றுகூட வராதபடி விட்டு, கிடைத்ததைத் தின்று பிழைக்கட்டும் என்றால் எக்ஸ்டென்சிவ். நடுவில் உள்ளது லிட்டருக்கு 2 முதல் 8 வரை. எனவே செறிவளர்ப்பு, பரவல் வளர்ப்பு, இடைச்செறிவு வளர்ப்பு. மூன்றும் ஒரே குடும்பமாக நிற்கின்றன.

சிக்கல் இதற்கு மேல்தான். கிரேக்க நாட்டுக் கிரீட் தீவின் பொரிப்பகங்களில் வளர்த்தெடுத்த இடைச்செறிவு முறைக்கு மீசோகாசம் என்று பெயர். 30 முதல் 100 கன மீட்டர் வரை பிடிக்கும் தொட்டி, அதில் கடல் தண்ணீர், பாசி, தானாகப் பெருகும் நுண்விலங்குகள், அதற்குள்ளேயே லார்வா. முட்டையை விட்டு வந்தவுடன் சில மில்லிமீட்டர் நீளத்தில் கண்ணாடித் துணுக்கு மாதிரி மிதக்கும், வாய்கூடத் திறந்திருக்காது, வயிற்றில் ஒட்டிய கருவுணவு இரண்டு மூன்று நாளுக்குத்தான் வரும். வாய் திறக்கிற அன்று அந்த வாய்க்குள் நுழையும் அளவில் உயிருள்ள இரை எதிரே நீந்தவில்லை என்றால் கூட்டத்தோடு போய்விடும். ரோட்டிஃபர், ஆர்டீமியா என்ற நுண்ணிய இரை உயிரிகளை மேலிருந்து போடத்தான் செய்கிறார்கள், ஆனாலும் தொட்டியிலேயே விளைந்த இரையும் சேர்வதுதான் இம்முறையின் உயிர்.

இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'இடையண்டம்' என்று ஒருவர் முன்வைத்திருக்கிறார். ஐயா, அண்டம் என்றால் முட்டையும்தானே! பொரிப்பகத்தில் போய் இடையண்டம் என்றால் பாதி வளர்ந்த முட்டை எங்கே என்று தேடுவார்கள். என் பரிந்துரை 'இரைவிளை தொட்டி'. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, விளக்கம் கேட்காமலே புரியும். ஏரிச் சூழலியலிலும் மீசோகாசம் என்ற சொல் உண்டு, அங்கே இது பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். அங்கே வேறு சொல் இருந்துவிட்டுப் போகட்டும்.

லார்வாத் தொட்டியில் பாசி கலந்து வைக்கும் கிரீன் வாட்டருக்கு மட்டும் தயவுசெய்து 'பசுநீர்' வேண்டாம், படிக்கிறவருக்குக் கோமியம் நினைவு வரும். ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரில் 2010இல் கோபியா என்னும் கடல் விராலின் முட்டையைப் பொரிக்க வைத்து வளர்த்ததும் பாசி கலந்த பச்சைத் தண்ணீரில்தான். பச்சைத் தண்ணீர் என்றே எழுதலாம்.

லார்வாவைக் 'குடம்பி' ஆக்குவது பற்றி: பாடநூலில் சரி, தொட்டியோரம் நிற்கிறவருக்கு எழுதும் கையேட்டில் லார்வா என்றே விடுகிறேன். மாற்றுக் கருத்து இருந்தால், அகராதியைக் காட்டாமல், அந்தச் சொல்லை வைத்து ஒரு முழு வாக்கியம் எழுதிக் காட்டுங்கள்.