பெத்லகேம் கல்லறையில் ஒரு மொஹிக்கன்: இவர் வாழ்க்கையை எங்கே தேடுவது?

லீஹைக்கரை:
வேலைக்காக பென்சில்வேனியாவின் பெத்லகேம் ஊருக்குக் குடிவந்திருக்கிறோம். இங்கே மொரேவியர் சபை என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவ சபையின் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 'காட்ஸ் ஏக்கர்' என்கிறார்கள். சிலுவை, சிலை எதுவும் கிடையாது. எல்லாக் கல்லும் தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது, பணக்காரன் ஏழை தெரியாது. அதில் ஒரு கல் 'ச்சோப்' என்ற, மொஹிக்கன் எனும் அமெரிக்கப் பழங்குடி இனத்தவருடையது. 1742 ஏப்ரல் 16 ஞானஸ்நானம், புதுப்பெயர் ஜான், ஷெகோமெகோ ஊழியத்தின் முதற்பலன்களில் (முதலில் மனம் மாறியவர்களில்) ஒருவர், 1746 ஆகஸ்ட் 27 மரணம். கீழே "ஒரே மந்தையும் ஒரே மேய்ப்பனுமாகும்" வசனம். இவ்வளவுதான். அந்த நான்கு வருடம் இவர் என்ன செய்தார்? அதற்கு முன்னால் யார்?

பொறையாறு மேரி:
தம்பி, கல்லை மட்டும் நம்பாதீர்கள். 1746இல் அந்தச் சபை எழுதியதும் பேசியதும் ஜெர்மன். நீங்கள் பார்த்தது ஆங்கிலக் கல், பிற்காலத்தில் வைத்ததாகத்தான் இருக்கும். புகழ்ச்சியை விட்டுவிட்டு ஊர்ப்பெயரையும் தேதிகளையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஷெகோமெகோ நியூயார்க் மாகாணத்து மொஹிக்கன் கிராமம். 1740இல் கிறிஸ்டியன் ஹென்ரிக் ரவுக் என்ற மொரேவியர் அங்கே போனார். ச்சோப் அப்போது பெருங்குடிகாரர், காலும் ஊனம். 1742 பிப்ரவரியில் அந்தக் கிராமத்தார் மூன்று பேர் பென்சில்வேனியாவில் உள்ள ஓலி என்ற ஊருக்குப் போய் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்று பெயர் வைத்தார்கள். அவ்வளவு தூரம் நடக்க முடியாமல் இவர் ஊரிலேயே தங்கிவிட்டார். கல்லில் ஏப்ரல் என்று இருப்பது அதனால்தான்.

தான் மனம் மாறிய கதையை இவரே சொல்லியிருக்கிறார். முதலில் வந்த போதகர் கடவுள் உண்டு என்று நிரூபிக்கப் பார்த்தாராம். அது எங்களுக்குத் தெரியாதா என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்தவர் திருடாதே, குடிக்காதே என்றார். அதை முதலில் உன் ஆட்களிடம் சொல் என்று அவரையும் அனுப்பினார்கள். அப்புறம் வந்த ரவுக் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, களைப்பில் இவர் குடிசையிலேயே படுத்துத் தூங்கிவிட்டார். கொல்ல நினைத்தால் ஒரு நொடி போதும், இவனோ பயமில்லாமல் தூங்குகிறானே என்பதுதான் இவர் மனதைப் பிடித்தது. பிரசங்கத்தைவிடத் தூக்கம் வேலை செய்திருக்கிறது!

நூலகத்துமூலை:
மேரி அக்கா சொன்னதோடு இதையும் சேருங்கள். ஷெகோமெகோக்காரர் ஏன் பெத்லகேமில் புதைக்கப்பட்டார் என்பதற்கு அரசியல் காரணம் உண்டு. மொரேவியர்கள், ஆங்கிலேயரின் எதிரிகளான பிரெஞ்சுக்காரரின் கையாட்கள் என்று புரளி கிளம்பி, 1744இல் நியூயார்க் மாகாணம் அவர்களைப் பழங்குடியினர் நடுவிலிருந்து விரட்டச் சட்டம் போட்டது. 1746இல் அந்தக் கிராமத்துச் சபையார் பலர் பெத்லகேமுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த வருடமே பெரியம்மை. இவரும் அதில்தான் போனார். அதே மாதங்களில் யார் யார் இறந்தார்கள் என்று அக்கம்பக்கத்துக் கற்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

லீஹைக்கரை:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. பக்கத்துக் கற்களில் இவர் குடும்பத்தார் இருப்பார்களா?

பொறையாறு மேரி:
இடத்தை வைத்துக் குடும்பம் கண்டுபிடிக்க முடியாது. மொரேவியர்கள் மணமான ஆண்கள், விதவைகள், சிறுவர்கள் என்று பிரிவு பிரிவாக வாழ்ந்தார்கள், அடக்கமும் அப்படியே. கணவன் ஒரு பக்கம், மனைவி வேறு பக்கம். வெள்ளையர், பழங்குடியினர் என்று மட்டும் பிரிக்கவில்லை. நம்மூர்க் கல்லறைத் தோட்டங்களில் சாதிக்கு ஒரு மூலை பார்த்த எனக்கு இது பெரிய விஷயம்தான்.

குடும்பம் வேண்டுமானால் அங்கேயே இருக்கும் மொரேவியர் ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். ஞானஸ்நானப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, சபை நாட்குறிப்பு மூன்றையும் கேளுங்கள். ஒன்றில் விட்டது இன்னொன்றில் கிடைக்கும். 'லேபன்ஸ்லாஃப்' என்று அடக்கத்தன்று வாசிக்கும் வாழ்க்கைக் குறிப்பும் எழுதுவார்கள், அதையும் விசாரியுங்கள். எல்லாம் பழைய ஜெர்மன் கையெழுத்து. ஜெர்மன் தெரிந்தவர்களே திணறுவார்கள். காப்பகத்தில் கோடையில் அதைப் படிக்க வகுப்பு நடத்துகிறார்கள், பக்கத்திலேயே இருக்கிறீர்கள், சேர்ந்துவிடுங்கள்.