கடற்கரை வீட்டுச் சுவர் உரியுது: சூழலுக்குக் கேடில்லாத பெயின்ற் எது நிக்கும்?

கல்லடிக் காத்து:
வீடு மட்டக்களப்புக் கல்லடியில, கடலுக்கு 200 மீற்றர் வரும். 2006இல கட்டினது, சீமெந்துக் கல், சீமெந்துப் பூச்சு. வெளிச்சுவர் 1,300 சதுர அடி. மூண்டு வருசத்துக்கு முதல் இமல்ஷன் ரெண்டு கோட் அடிச்சது. இப்ப கடல் பக்கத்துச் சுவர் (36 அடி நீளம்) நிலத்தில இருந்து மூண்டடிக்குக் கொப்புளிச்சு உரியுது, உள்ளுக்கு வெள்ளைத் தூள். மேல மங்கிப் போயிருக்கு, உரியல்ல. ஜன்னல் மேல்தட்டு விளிம்பில துருக் கோடும் வெடிப்பும் இரிக்கு. கடையில வீஓசி (பெயின்ற்ல இருந்து ஆவியாகிக் காத்தில கலக்கிற இரசாயனம்) குறைஞ்ச அக்ரிலிக், சிலிக்கேற்று எண்டு ரெண்டு காட்டுறாங்க. எதை எடுக்கிற? இப்ப ஆனி மாசம், மாரிக்கு முதல் முடியுமா?

பழைய மேசன்:
தம்பி, வாளியில என்ன எழுதியிரிக்கு எண்டதைப் பிறகு பாப்பம். வெள்ளைத் தூள் உப்பு. காற்றின்ட ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினா கறியுப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரையும். கச்சான் (மேற்கால வாற காய்ஞ்ச காத்து) அடிச்சா காய்ஞ்சு திரும்பக் கட்டியாகும். நம்மட கரையில இது ராவும் பகலும் நடக்கிற வேலை. கட்டியாகிற ஒவ்வொரு தரமும் பூச்சின்ட நுண்துளைக்குள்ள இருந்து நெம்பும். மேல இமல்ஷன் படலம் மூடிக் கிடந்தா, அதுக்குப் பின்னால கட்டி படலத்தையே தள்ளிவிடும். மூண்டடியோட நிக்கிறதைப் பாத்தா, அத்திவாரத்தால ஓதம் (நிலத்து ஈரம்) ஏறுது. அதுக்கு மேல எந்த வகை பெயின்ற் அடிச்சாலும் ரெண்டு மாரி தாண்டாது.

முதல்ல சுவரோட ஒட்டிக் கிடக்கிற மண்ணை, ஓதத் தடுப்பு வரிக்கு (ஈரம் ஏறாம அத்திவாரத்துக்கு மேல வைக்கிற படை) 6 அங்குலம் கீழ வரைக்கும் வெட்டி எடுங்க. முற்றத்துக்கு மண் போட்டு உசத்தின வீடுகள்ல அரைவாசிக் குற்றம் அதிலதான். பிறகு உப்புத் தெரியுற இடத்துக்கு மேல இன்னும் ஒரு அடி சேர்த்து, அதாவது 4 அடிக்கு, பூச்சை உளியால கொத்தி எடுங்க. உப்பைத் தண்ணி போடாம, காய்ஞ்ச பிறஷ்சால தட்டிக் கூட்டி எடுக்கணும். நனைச்சீங்களெண்டா கரைஞ்சு திரும்ப உள்ளுக்குப் போகும். மூண்டு கிழமை கச்சானுக்குத் திறந்து விடுங்க. அதுக்குள்ள மறுபடி பூத்தா, மறுபடி கூட்டுங்க.

புதுப் பூச்சு சீமெந்து 1, சுண்ணாம்பு 1, மணல் 6. ஒண்டுக்கு மூண்டு எண்டு இறுக்கமாப் போட்டா ஓதம் வெளியேற வழியில்லாம இன்னும் உசரத்துக்கு ஏறும். 144 சதுர அடிக்கு, 15-18 மில்லிமீற்றர் தடிப்புக்கு, சீமெந்து ஒண்டரைப் பை, சுண்ணாம்புத் தூள் 25 கிலோ, ஆற்று மணல் 10 கன அடி போதும். கடல் மணல் கிட்டவும் வரப்படாது. பூச்சை நிலத்தில முட்ட விடாம ஒரு அங்குலம் தூக்கி நிப்பாட்டுங்க. ஏழு நாள் நனைச்ச சாக்குப் போட்டு வைங்க, பிறகு நாலு கிழமை விட்டுத்தான் நிறம்.

இன்னொண்டு: கிணத்துத் தண்ணி உவரா இருந்தா சாந்துக்கும் வேணாம், சுவர் கழுவவும் வேணாம். குழாய்த் தண்ணி எடுங்க.

நிறக் கலவை:
பெயின்ற் பக்கத்தை நான் சொல்றன். சிலிக்கேற்று நல்ல சாமான்தான். பொட்டாசியம் சிலிக்கேற்று பூச்சோட வேதியியல் முறையில பிடிக்கும், படலமா மூடாது, ஈரம் வெளியேறும். ஆனா பழைய இமல்ஷனுக்கு மேல சாதாரண சிலிக்கேற்று ஒட்டாது. மேல் சுவர்ல ஒரு கை தண்ணி தெளிச்சுப் பாருங்க. உடனே இருண்டு உறிஞ்சினா சிலிக்கேற்றுக்கு இடம் உண்டு. முத்து முத்தா உருண்டு ஓடினா படலம் உயிரோட இரிக்கு. பிறகு பிளேட்டால சின்னக் கட்டம் கட்டமாக் கீறி, ஒட்டுநாடா ஒட்டிச் சட்டெண்டு இழுங்க. சதுரங்கள் நாடாவோட வந்தா முழுக்கச் சுரண்டத்தான் வேணும்.

ஒட்டி நிண்டா மேல வீஓசி குறைஞ்ச, நீராவி கடத்துற அக்ரிலிக் அடிக்கலாம். 1,150 சதுர அடிக்கு ரெண்டு கோட் 32 லீற்றர் வையுங்க. வாளியில போட்டிருக்கிற பரப்புக் கணக்கு வழுவழுப்பான சுவருக்கு. கரடான பழைய பூச்சில லீற்றருக்கு 7 சதுர மீற்றர்தான் வரும். கறுத்தத் துணியால தேச்சா மாவு ஒட்டுற இடத்துக்கு மட்டும் முதல்ல பிறைமர்.

கீழ் 4 அடிக்கு என்ட தெரிவு சுண்ணாம்பு. தயிர்ப் பதச் சுண்ணாம்பு ஒரு பங்கு, தண்ணி ரெண்டு பங்கு, பால் மாதிரி. நனைச்ச சுவர்ல மெல்லிசா நாலு கோட், நாளைக்கு ஒண்டு. தடிப்பா ஒரே தரத்தில அடிச்சா வெடிச்சுப் பொருக்கு விடும். பழைய ஆக்கள் சுண்ணாம்புக்குள்ள உப்புப் போடுவாங்க. இந்தச் சுவருக்கு அது கூடாது. நிறம் வேணுமெண்டா இரும்பு ஒட்சைட்டுக் காவி, சுண்ணாம்பின்ட எடையில 5 வீதம். அந்தச் சுவர்ல காவிப் பட்டி ஓடினா வடிவாவும் இரிக்கும், அடுத்த மாரிக்குப் பிறகு பட்டியை மட்டும் திருத்தினாக் காணும். கண்ணாடி, கையுறை இல்லாமச் சுண்ணாம்பில கை வைக்கப்படாது.

முருகைக்கல் சுட்ட சுண்ணாம்பு எண்டு யாராவது கொண்டு வந்தா வாங்காதீங்க. முருகைக்கல் எடுக்கிறது சட்டவிரோதம். மலைநாட்டு டொலமைட்டுச் சுண்ணாம்பு போதும்.

கொங்கிறீற்று:
மேல்தட்டை ஒருத்தரும் தொடல்லையே! அது பெயின்ற் வேலையில்லை. உப்பு கம்பி வரைக்கும் போயிட்டு. துரு இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கிறதால கொங்கிறீற்றை வெடிக்க வைக்குது. சுத்தியலால தட்டுங்க, பொள்ளெண்டு கேக்கிற இடமெல்லாம் கழட்டணும். கம்பிக்குப் பின்னாலயும் 20 மில்லிமீற்றர் கொத்தி, கம்பிப் பிறஷ்சால வெள்ளி நிறம் தெரியத் தேய்ங்க, குழாய்த் தண்ணியால கழுவுங்க. துருத்தடுப்புப் பூச்சு, பிறகு பொலிமர் கலந்த திருத்தச் சாந்து. கம்பி கால்வாசி மெலிஞ்சிருந்தா பொறியியலாளரைக் கூப்பிடுங்க. வெடிப்புக்குள்ள புட்டி வைச்சு மூடுறது துருவுக்குப் போர்வை போடுற மாதிரி.

கல்லடிக் காத்து:
தண்ணி உருண்டு ஓடுது, கீறின கட்டம் ஒண்டும் வரல்ல. அப்ப மேல அக்ரிலிக், கீழ சுண்ணாம்பு. கச்சான் நேரம் சுண்ணாம்பு அடிச்சா தூளாப் போகும் எண்டாங்களே?

நிறக் கலவை:
வேகமாக் காய்ஞ்சா போகும்தான். கடல் பக்கத்துக் கிழக்குச் சுவருக்குப் பகல் பன்னிரண்டுக்குப் பிறகுதான் நிழல், அப்ப தொடங்குங்க. முன்னால நனைச்ச சாக்குத் தொங்க விட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் முதல் தண்ணி விசிறுங்க. ஆனில கொத்தினா ஆவணி முடிய நிறம் அடிச்சிரலாம், ஐப்பசி மழைக்கு நேரமிரிக்கு. மேல் சுவர்ல ரெண்டு கோட்டுக்கும் இடையில ஒரு ராத்திரிக்கு மேல கடல் காத்துப் பட்டா, ரெண்டாவதுக்கு முதல் குழாய்த் தண்ணியால கழுவிக் காய விடுங்க. நடுவில உப்பு இருந்தா ரெண்டாவது கோட் தாள் மாதிரிக் கழரும்.

சுரண்டுறது பிளாஸ்ரிக் பொருக்கு, பொலித்தீன் விரிச்சு அள்ளுங்க. வடிகாணுக்குள்ள கூட்டிவிட்டா வாவிக்குத்தான் போகும்.